விளையாட்டுக் கணிப்பொறியும் வீட்டுச் செலவும்

விளையாட்டுக்கென ஒரு கணிப்பொறி வேண்டுமென்று மகன் கேட்டதும், 'வீண்செலவு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் பெற்றோர் பலர். கல்லூரிக் கட்டணம் கண்முன் நிற்கையில் அச்சொல் எழுவது இயல்பே. ஆயினும் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிப் பூட்டினால், செலவை நம் கைக்குள் அடக்க வழியுண்டு.

முதற்கண், விலைமிகுந்த கிராபிக்ஸ் கார்டைத் தள்ளிப்போடலாம். 2021-இல் வெளிவந்த ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி போன்ற புராசஸர்களில் படம் காட்டும் பகுதியும் உள்ளேயே அடங்கியுள்ளது. வேலோரன்ட் போன்ற விளையாட்டுகள் அதில் நன்கு ஓடும். புதிய பெரும் விளையாட்டுகள் தடுமாறும். அப்பகுதிக்குத் தனி நினைவகம் இல்லை. கணிப்பொறியின் ராமையே பகிர்ந்துகொள்கிறது. ஆதலின் 16 ஜி.பி. ராமை ஒரே துண்டாக வாங்காது, 8 ஜி.பி. துண்டுகள் இரண்டாகப் பொருத்துதல் வேண்டும். இரு வழியாகத் தரவு பாய்வதால் வேகம் கண்கூடாக உயரும்.

சென்னை ரிச்சி தெருவில் வண்ணவிளக்கு மின்னும் கண்ணாடிக் கேபினட்டுகள் பிள்ளைகளை மயக்குகின்றன. விளக்கினால் ஆட்டம் விரைவதில்லை. (மகனுக்கும் இது தெரியும், ஆசை யாரை விட்டது?) அப்பணத்தை எஸ்.எம்.பி.எஸ். வாங்கச் செலவிடுக. மலிவானது பழுதுற்றால் மதர்போர்டையும் உடன் கெடுத்துவிடக்கூடும். தரமான 550 வாட் ஒன்று இருந்தால், பின்னாளில் நடுத்தரக் கிராபிக்ஸ் கார்டு சேர்க்கவும் போதும்.

2025 இறுதியில் ராம் விலை வெகுவாக ஏறிற்று. எனவே கடைக்குச் செல்லுமுன், உறவினர் வீட்டுப் பழைய கணிப்பொறியில் டி.டி.ஆர். 4 துண்டுகள் உளவா என விசாரியுங்கள். மடிக்கணினியின் துண்டுகள் இதிற் பொருந்தா.