ஒரே ஜன்னல்

எங்கள் வீட்டில் தங்கி போட்டோகிராஃபி படிக்கும் தங்கை பையன், "ப்ராஜெக்டுக்கு ஐடியாவே வரலை மாமா. காசி போனாத்தான் வரும். பத்தாயிரம் கொடுங்க" என்றான்.

யாராவது பணம் கேட்டால் எனக்குப் பொது அறிவு பெருகும். ஜோசப் சூடெக் கதையைச் சொன்னேன். பிராக் நகரத்துக்காரர். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். 1940-ல் ஊர் நாஜிகள் பிடியில். தன் ஸ்டுடியோ ஜன்னலையே படம் எடுக்க ஆரம்பித்தார். பனி, மழைத்துளி, வெளியே ஒரு கோணல் மரம். 1954 வரை அதே ஜன்னல்!

பையன் முறைத்துவிட்டுப் போனான்.

ஒரு வாரம் கழித்துப் பிரிண்ட்டுகளை நீட்டினான். எல்லாம் எங்கள் சமையலறை ஜன்னல். காலை 5.30, மதியம் 12, ராத்திரி 10. எல்லாவற்றிலும் என் மனைவி. ஒன்றில்கூட அவள் உட்கார்ந்திருக்கவில்லை.

பேசாமல் காசிக்கே அனுப்பியிருக்கலாம்.