பத்தாவது ஆள்



மன்னார்த் தோட்டவெளியிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. பாடக் கொப்பியில் கிழித்த தாள், இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். பங்கில் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்க வரும்படி இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அண்ணனைப் பறிகொடுத்த வீடு. செபமாலை கையில் உருண்டாலும் சில நாட்களில் மனம் அதில் ஒட்டுவதில்லையாம். "எனக்கே உறுதி இல்லாமல் பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது? என்னால ஏலுமா?" என்று முடித்திருக்கிறார்.

மூன்று கிழமையாக அந்தத் தாள் என் மேசையில் இருக்கிறது. இந்தச் சஞ்சிகையை என் கையில் தந்த அன்று இரவு நானும் இதே கேள்வியோடுதான் படுத்தேன். அதனால் அவசரப்பட்டு ஆறுதல் எழுத மனம் வரவில்லை.

தங்கச்சி, நீங்கள் தினமும் நடக்கும் மண்ணையே முதலில் பாருங்கள். 1544இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆட்கள் மன்னாரில் வெட்டி வீழ்த்திய 600க்கும் மேற்பட்டவர்களை வேதசாட்சிகள் என்று வணங்குகிறோம். அவர்கள் எத்தனை நாள் கிறிஸ்தவர்கள்? புனித பிரான்சிஸ் சவேரியாரால் நேரே வர முடியவில்லை. அவர் அனுப்பிய குரு ஒருவர் வந்து ஞானஸ்நானம் கொடுத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மறைநூலில் தேர்ந்தவர்கள் அல்லர். செபங்களைத் தடுமாறித் தடுமாறிப் பாடமாக்கிக்கொண்டிருந்தவர்கள். ஒரு ஊராக, ஒருவர் பக்கத்தில் ஒருவராக நின்றார்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில் தேடி நான் இன்னும் பின்னால் போனேன், யூதர்களிடம். விவிலியத்தை நமக்கு முன்னே கையில் வைத்திருந்தவர்கள் அவர்கள்தானே. நம் பெரியவர்கள் மோயீசன் என்று சொல்லும் மோசேயை எடுத்துக்கொள்ளுங்கள். எரியும் முட்செடியின் முன் நின்று அவர் சொன்னதெல்லாம் சாட்டுத்தான். நான் யார் போவதற்கு, என்னை நம்பாவிட்டால் என்ன செய்வது, எனக்கு நாக்குத் திக்கும், வேறு யாரையாவது அனுப்பும். அவருடைய திக்கு வாய் குணமானதாக விடுதலைப் பயண நூலில் ஓரிடத்திலும் இல்லை. பேசுவதற்கு அண்ணன் ஆரோன் துணையாகக் கிடைத்தார், அவ்வளவுதான். பிறகு அமலேக்கியருடன் போர் நடந்த நாளில் உயர்த்திய கை சோர்ந்தபோது, ஒரு கல்லில் அவரை இருத்தி, ஒரு பக்கம் ஆரோனும் மறுபக்கம் கூர் என்பவரும் பொழுது சாயும்வரை அந்தக் கைகளைத் தாங்கிப் பிடித்தார்கள்.

இந்தத் தாங்கலை யூதர்கள் ஒரு ஒழுங்காகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள். பொதுச் செபத்துக்குப் பத்துப் பேர் வேண்டும். அதற்கு மின்யான் என்று பெயர். எண்ணிக்கை என்று அர்த்தம். மரபுப்படி பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்கள். இன்று பல சபைகளில் பெண்களும் எண்ணப்படுகிறார்கள். ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. பத்துச் சொற்கள் கொண்ட சங்கீத வரி ஒன்றை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிப் போவார்கள். கடைசிச் சொல்லுக்கு ஆள் இருந்தால் செபம் தொடங்கும். அந்தப் பத்தாவது ஆளிடம் உனக்கு எவ்வளவு விசுவாசம் என்று யாரும் கேட்பதில்லை. ஒன்பது ஞானிகள் சேர்ந்தாலும் போதாது. வாசலில் தயங்கி நிற்கும் அவர் உள்ளே வந்தால்தான் கணக்கு நிறையும்.

நம் கரைவலையும் அப்படித்தான். கயிற்றில் கை வைக்க வருகிறவனிடம் சம்மாட்டி அவன் மனநிலையை விசாரிப்பதில்லை. வலை இழுக்கும் அம்பாப் பாட்டு எழும்பும், அவனும் இழுப்பான்.

உங்கள் வீட்டுத் துக்கத்தை நினைத்து இதையும் எழுதுகிறேன். தாய் தகப்பனை, கூடப்பிறந்ததை இழந்த யூதர் ஒருவர் சொல்லும் செபம் கதீஷ். அதில் சாவைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. முழுக்க இறைவனைப் புகழ்வது. நெஞ்சு வற்றிக் கிடக்கும் நேரத்தில் புகழ்ச்சி எங்கேயிருந்து வரும்? அதனால்தானோ என்னவோ, அதைத் தனியே சொல்லக்கூடாது என்று வைத்தார்கள். பத்துப் பேர் சூழ நிற்க வேண்டும், ஆமென் சொல்ல வேண்டும். துக்கக்காரரின் குரல் உடைந்தால் சுற்றி நிற்பவர்களின் ஆமென் அவரைக் கொண்டுபோகும். இதை அறிந்த நாளிலிருந்து நம் செத்தவீட்டுச் செபமாலையை நான் வேறு காதால் கேட்கிறேன்.

யூதர் என்றால் ஏதோ தூரத்து மனிதர் என்று எண்ண வேண்டாம். கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பான் என்ற யூதருக்கு 72 உரிமைகள் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. அந்தச் சேர நாட்டுக் கொச்சிக் கரையில்தான் 1882இல் ஏ. பி. சேலம் பிறந்தார். எனக்கு மிகவும் பிடித்த மனிதர். மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி செபக்கூடத்தில், அடிமை வழி வந்தவர்கள் என்று சில குடும்பங்களை ஒதுக்கி வைத்திருந்தார்கள். வாங்கில் இருக்கக் கூடாது. தோரா என்ற மறைநூலை வாசிக்கக் கூப்பிடமாட்டார்கள். சேலத்தின் குடும்பம் அவற்றில் ஒன்று. ஒருவனைத் தலைமுறை தலைமுறையாகத் தரையில் இருத்தி வைத்தால், எனக்கு இவ்வளவுதான் தகுதி என்ற எண்ணம் அவனுக்குள்ளேயே குடியேறிவிடும். நம் ஊர்களிலும் இதைக் கண்டிருக்கிறோம். 'என்னால ஏலுமா' என்ற கேள்வி எப்போதும் நம்முடையதாக இருப்பதில்லை. பல வேளைகளில் யாரோ நம் வாயில் வைத்துவிட்டுப் போனது.

சேலம் சென்னையில் சட்டம் படித்தார், கொச்சிச் சட்டசபையில் இருந்தார், 1929இல் லாகூர் காங்கிரஸ் மாநாட்டுக்குப் போனார். வேதத்தை விட்டுப் போக அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவர் போகவில்லை. செபக்கூடத்தைச் சில காலம் புறக்கணித்தார். காந்தியின் சத்தியாக்கிரகத்தைத் தன் செபக்கூடத்துக்குள்ளேயே கொண்டுபோனார். 1930களின் நடுவில் பழைய தடைகள் பல தளர்ந்தன. யூத காந்தி என்று பின்னாளில் அவரைச் சொன்னார்கள்.

இஸ்ரேலுக்குக் குடிபெயர விரும்பிய கொச்சி யூதர்களுக்காக 1953இல் அங்கே போய்ப் பேசியவரும் அவர்தான். யானைக்கால் நோய் பரவும் என்று பயந்து அதிகாரிகள் அவர்களைத் தாமதப்படுத்தி வைத்திருந்தார்கள். கடைசியில் போனவர்களில் ஒரு பகுதியினருக்கு நெகேவ் பாலைவனத்து நெவாத்திம் கிடைத்தது. தென்னையும் காயலும் கண்டு வளர்ந்த சனம், மணல் வெளியில் கண்ணாடிக் கூடாரம் போட்டுப் பூ வளர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பியது. சேந்தமங்கலத்து எலியாகு பெசலேல் அதில் பேர் பெற்றவர். பெண்கள் கொப்பிகளில் எழுதிக் காத்த மலையாளப் பாட்டுகளும் கூடவே போயின. பத்துப் பேர் எண்ணிக்கையில் அந்தப் பெண்களுக்கு இடம் இருந்ததில்லை. ஆனாலும் அந்தச் சமூகத்தின் நினைவை வாயிலும் தாளிலும் சுமந்தவர்கள் அவர்கள்.

இன்று மட்டாஞ்சேரியில் பத்துப் பேர் சேர்வதற்கு வெளியூரிலிருந்து யூதர் யாரும் வந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. நான் எழுதியதில் இதுதான் எனக்கே மனதைப் பிசைகிறது. இருக்கும் ஒருவர் வராமல் நின்றால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே தங்கச்சி, மனம் தெளிந்த பிறகு போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். தனியே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். இன்னொருவரையும் கூட விடும்படி சுவாமியிடம் கேளுங்கள். முதல் நாள் மோயீசன் கதையைச் சொல்லுங்கள். ஒரு பிள்ளையை நடுவில் நிறுத்தி, இரண்டு கையையும் உயர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். கை நடுங்கத் தொடங்கியதும் பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேரை எழுப்பித் தாங்கவிடுங்கள். எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்