தனித்தனியாகப் பாஸ், சேர்ந்தால்?

கட்டை வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். இரும்புப் பட்டையைச் சூடாக்கி, விரிந்திருக்கும்போதே சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆறியதும் அது சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிக்கும். வண்டியில் பாரமே இல்லாவிட்டாலும் பட்டைக்குள் இழுவிசை இருந்துகொண்டே இருக்கும். இப்படி வெளிச்சுமை இல்லாமலே உலோகத்துக்குள் தங்கிவிடுவதுதான் எஞ்சிய தகைவு.

பட்டையில் அது நண்பன். வெல்டிங் செய்த இடத்தில் பெரும்பாலும் எதிரி. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கப் பார்க்கும். பக்கத்தில் இருக்கும் குளிர்ந்த உலோகம் விடாது. அங்கே மிஞ்சும் இழுதகைவு, எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவைக்கூட எட்டிவிடும்.

1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டில், 'ஷெனெக்டடி' என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல் அமைதியான தண்ணீரில் நின்றபடியே ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது. குளிரில் நொறுங்கும் எஃகும் வெல்டிங் குறைகளும் முக்கியக் காரணங்கள். உள்ளே பூட்டப்பட்ட தகைவுக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்வியும் கூடவே எழுந்தது.

இன்றும் தகட்டுக்குச் சான்றிதழ் கேட்கிறார்கள், போல்ட்டுக்குக் கேட்கிறார்கள். சேர்த்த பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. ஒரு துண்டை வெட்டி லேபுக்கு அனுப்பினால் போதும் என்பது தப்பு. வெட்டும்போதே தகைவின் பெரும்பகுதி தளர்ந்துவிடும்.

வழி இல்லாமல் இல்லை. மூன்று ஸ்ட்ரெயின் கேஜ்களை ஒட்டி, நடுவில் ஓரிரு மில்லிமீட்டர் துளை போட்டு, சுற்றியுள்ள உலோகம் எவ்வளவு தளர்கிறது என்று பார்த்துக் கணக்கிடலாம். ஜெர்மனியில் மத்தார் 1934லேயே துளை முறையை முன்வைத்துவிட்டார். துளை வேண்டாம் என்றால் எக்ஸ்-கதிர் இருக்கிறது. அணு அடுக்குகளின் இடைவெளி மாறியிருப்பதை வைத்துச் சொல்லும். ஆனால் எஃகில் சில மைக்ரான் ஆழம்தான் எட்டும். நியூட்ரான் சில சென்டிமீட்டர் வரை போகும். அதற்கு அணு உலையோ துகள் முடுக்கியோ வேண்டும். பாலத்தை அங்கே தூக்கிக்கொண்டு போக முடியாது!

எல்லா இணைப்பையும் அளக்கச் சொன்னால் கட்டுப்படியாகாது, உண்மைதான். ஆனால் உடைந்தால் உயிர் போகும் இணைப்புகள் எவை என்பது வடிவமைத்தவருக்குத் தெரியும். பொருத்திய பிறகு அங்கே அளக்க வேண்டும் என்று வரைபடத்திலேயே எழுதிவிடலாமே. அந்த ஒரு வரிக்குச் செலவு உண்டு. எழுதாமல் விட்டதற்கான செலவைக் கொடுக்கப்போவது மட்டும் வேறு யாரோ.