பிழைத்தவரை அப்படியே அனுப்பலாமா?

மனநல அவசர சிகிச்சை என்றதும், கட்டுக்கடங்காமல் கத்தும் ஒருவரும் அவரைப் பிடித்து இழுத்துவரும் நாலு பேரும்தான் பலரின் நினைவுக்கு வருகிறார்கள். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உண்மையில் வருகிறவர்கள் வேறு. விஷம் குடித்தவர், மதுவைத் திடீரென நிறுத்தியதால் கைநடுக்கமும் பிதற்றலுமாக இருப்பவர், மாத்திரையைக் கைவிட்டுப் பல நாள் தூங்காதவர், காய்ச்சலோ உப்புச் சத்துக் குறைவோ மூளையைப் பாதித்து, பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாத முதியவர், காவலர்கள் தெருவிலிருந்து அழைத்துவரும் ஆதரவற்றவர். இவர்களில் பலருக்கு உடலுக்கும் மனதுக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை வேண்டும். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பது இவர்களுக்குத் தீர்வாகாது. அருகிலுள்ள பொது மருத்துவமனைதான் இவர்களுக்கான இடம்.

அங்கேயும் பெரிதாகக் கைவிடப்படுகிறவர்கள் தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022இல் தமிழ்நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 19,834 பேர். முயன்று பிழைத்தவர்கள் இதைவிடப் பல மடங்கு. மீண்டும் முயலும் அபாயம் அவர்களுக்கே அதிகம். வயிற்றைக் கழுவி, சலைன் ஏற்றி, ரத்த அழுத்தம் சீரானதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டால், விஷத்துக்கு மட்டுமே வைத்தியம் நடந்திருக்கிறது. சென்னை, கொழும்பு உள்ளிட்ட 5 நகரங்களில் 1,867 பேரிடம் நடத்தி, 2008இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வு மாற்று வழியைக் காட்டியது. மருத்துவமனையிலேயே ஒரு மணி நேர உரையாடல். பிறகு 18 மாதங்களில் 9 முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரிப்பு. இதைப் பெற்றவர்களில் 0.2 சதவீதத்தினரும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதத்தினரும் பின்னர் தற்கொலையால் இறந்தனர்.

மனநல மருத்துவர்களுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். பற்றாக்குறை உண்மைதான். ஆனால், அந்த நலம் விசாரிப்பைப் பயிற்சி பெற்ற செவிலியரே செய்யலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் அவசர நிலையில் பதிவுபெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை சிகிச்சை தர அனுமதிக்கிறது. 14416 மனநல உதவி எண் இருக்கிறதே என்பார்கள். 2022 முதல் அது இயங்குவது நல்ல விஷயம். ஆனால், நொறுங்கிப்போனவர் தானாக அழைக்க வேண்டியிருக்கிறது. மருத்துவமனை அவரை அழைப்பது வேறு. போலீஸ் கேஸுக்குப் பயந்து ‘தெரியாமல் குடித்துவிட்டார்’ என்று குடும்பங்கள் மறைப்பதுதான் கடினமான தடை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு இல்லை என்பதை வார்டிலேயே அவர்களுக்குச் சொல்ல வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இந்த விளக்கத்துக்கும் நலம் விசாரிப்புக்கும் என்றே ஒரு செவிலியரை அரசு உடனே நியமிக்க வேண்டும்.