அரியருக்கு ஆபரேஷன்!

போன வாரம் மெஸ் சாம்பாரில் பருப்பு தேடிய கதையை எழுதினேன் இல்லையா... படிச்சுட்டு வார்டன் என்னைக் கூப்பிட்டு 'அன்பா' விசாரிச்சார். அதனால இந்த வாரம் மெஸ் பக்கமே போகலை மக்களே. ஹாஸ்டல் வாசலோட நின்னுக்கறேன். அங்கேதான் அரியர் படுத்திருப்பாள்.

அரியர் எங்க ஹாஸ்டல் நாய். எத்தனை தடவை விரட்டினாலும் அடுத்த செமஸ்டரும் நம்ம கூடவே வருவதால் அந்தப் பெயர். வயசு ஆறு இருக்கும்னு வாட்ச்மேன் தாத்தா கணக்கு.

போன மாசம் ஒருநாள் பிஸ்கட்டை மோந்து பார்த்துட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டாள். தண்ணி மட்டும் குடிச்சுக்கிட்டே இருந்தாள். "வெயில்டா மச்சி" என்றான் ரூம்மேட். ரெண்டாவது நாள் அவள் படுத்த இடத்தில் சீழும் ரத்தமுமா கறை. அப்பதான் எங்களுக்கு உறைச்சது. மூணு ஆட்டோ நிற்காமப் போக, நாலாவது அண்ணன், "கோணி விரிச்சு உட்கார வைங்க தம்பி" என்றார். நேரே வேப்பேரி, கால்நடை மருத்துவக் கல்லூரி. 1903-ல் ஆரம்பிச்ச காலேஜ். எங்க சேர்மனோட அப்பாவே அப்போ பிறந்திருக்க மாட்டார்!

ஸ்கேன் பார்த்த டாக்டர் மேடம், "கர்ப்பப்பை முழுக்க சீழ். பையோமெட்ரா" என்றார். கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு, பருவம் முடிஞ்ச சில வாரங்களில் வருமாம். ஹார்மோனால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடிச்சிருக்கும் நேரத்தில் பாக்டீரியா உள்ளே போயிட்டா கதை முடிஞ்சது. இவளுக்குச் சீழ் வெளியே வந்து காட்டிக் கொடுத்திருக்கு. வழி அடைச்சுக்கிட்டா வெளியே ஒண்ணும் தெரியாது, உள்ளுக்குள்ளேயே விஷமாகும்.

"காதைப் பாருங்க, வெட்டு இருக்கா?" என்றார். தெருநாய்க்குக் கருத்தடை பண்ணினா அடையாளமா காதில் சின்னதா வெட்டுவாங்க. அரியருக்கு ரெண்டு காதும் முழுசா இருந்தது. அவள் போட்ட குட்டிகளை எல்லாம் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்ச நாங்க, ஒருத்தர்கூட அந்தக் காதைப் பார்த்ததில்லை. "முன்னாடியே பண்ணியிருந்தா இங்கே வந்தே இருக்க வேண்டாம்." யாரும் பதில் பேசலை.

டிரிப்ஸ் ஏத்தி, அன்னிக்கு மதியமே ஆபரேஷன். எடுத்ததை டிரேயில் காட்டினாங்க. பென்சில் கனத்தில் இருக்க வேண்டியது, ரெண்டு வெள்ளரிக்காய் மாதிரி உப்பியிருந்தது. ரூம்மேட், "நான் ஆட்டோவைப் பார்த்துக்கறேன்" என்று நழுவிட்டான். ஆட்டோ எப்பவோ போயாச்சு.

ஆபரேஷன் டாக்டர் வேலை, முடிஞ்சது. அடுத்த பன்னிரண்டு நாள் எங்க வேலை. பழைய சைக்கிள் ரூமைக் கழுவி, போர்வை விரிச்சோம். மயக்க மருந்து உடம்புச் சூட்டைக் குறைச்சிடுமாம், அதனால குளிராம பார்த்துக்கணும். ராத்திரி முனக ஆரம்பிச்சாள். ஒருத்தன் தலைவலி மாத்திரையை உடைச்சு பாலில் கலக்கவே போயிட்டான். நல்லவேளை, முதலில் டாக்டருக்கு போன் போட்டோம். செம டோஸ்! நம்ம ஐப்யூபுரூஃபன் நாய்க்கு வயிற்றில் புண்ணாக்கும், கிட்னியைக் கெடுக்கும். பூனைக்கு ஒரே ஒரு பாராசிட்டமால் போதும், உயிரே போயிடும். அவங்க எழுதிக் கொடுத்த மருந்து மட்டும்தான்.

அப்புறம் காலர். தையலை நக்காம இருக்க கழுத்தில் புனல் மாதிரி மாட்டுவாங்களே, அது. 'மெக்கானிக்கல் தேர்ட் இயர், இதுகூடப் பண்ண மாட்டோமா?' என்று சார்ட் பேப்பரில் நாங்களே செஞ்சோம். மூணாம் நாள் காலையில் பார்த்தா காலர் நசுங்கிக் கிடக்கு, ரெண்டு தையல் பிரிஞ்சு உள்ளே சிவப்பாத் தெரியுது. எனக்குக் கை நடுங்கிடுச்சு. திரும்ப வேப்பேரி, திரும்ப ஊசி, திரும்பத் தையல். "காலர் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி நிற்கணும்ப்பா. அளந்தீங்களா?" என்றார் மேடம். அளக்கலை. (நாய் நக்கினா புண் ஆறும்னு எங்க பாட்டி சொல்லும். ஆறாது பாட்டி, பிரியும்.)

அன்னிக்கு ராத்திரி என் பிளாஸ்டிக் பக்கெட்டைத் தியாகம் பண்ணினேன். அடியை அறுத்து, ஓரத்தில் துணி சுத்தி, ஓட்டை போட்டு கழுத்துப் பட்டையோடு கட்டினோம். இந்தத் தடவை ஸ்கேல் வெச்சு அளந்தோம்! படிக்கட்டு, ஓட்டம், குளியல் எல்லாம் தடை. கயிற்றில் பிடிச்சு ஒண்ணுக்குப் போக மட்டும் வெளியே. காலையும் மாலையும் டார்ச் அடிச்சுத் தையலைப் பார்க்கணும், வீக்கமோ நாற்றமோ இருந்தா ஓடணும். டூட்டி லிஸ்ட் போட்டோம். கிளாஸில் 60 சதவிகிதம்கூட இல்லாதவன் எல்லாம் இதில் நூறு!

ஆறாம் நாள் ராத்திரி தட்டில் இருந்த தயிர்சாதம் காலி. வாட்ச்மேன் தாத்தா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "தூசி" என்றார்.

பதினைஞ்சாம் நாள் தையல் பிரிச்சாச்சு. அரியர் பழையபடி வாசலில். பக்கெட்டைக் கழற்றி வீசினோம், இழுத்துட்டு வந்து அதில் தலை வெச்சுப் படுத்துக்கறாள். நான் பெயின்ட் டப்பாவில் குளிக்கிறேன்.