ரயர் வாங்கேக்க சத்தத்தையும் பாருங்கோ

அனலைதீவில இருந்து யாழ்ப்பாணம் போறதென்றால் முதலில் படகு, பிறகு ஊர்காவற்றுறையில் இருந்து வாகனம். படகு எஞ்சின் சத்தம் எங்களுக்குப் பழகினது. ஆனால் அம்மம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போன வாடகை வானுக்குள், பின்சீற்றில் இருந்து அவ சொன்ன ஒரு சொல்லும் எங்களுக்கு விளங்கவில்லை. எஞ்சினில் பிழையில்லை. ஒரு பக்கமாகத் தேய்ந்த ரயர்தான் கத்தினது.

மணிக்கு 50 கிலோமீற்றரைத் தாண்டினால் பெரும்பாலான கார்களில் எஞ்சினைவிட ரயர்தான் கூட இரையும். அகலமான ரயரும், ஜீப்புக்குப் போடுற பெரிய வெட்டு ரயரும் இன்னும் மோசம். ஐரோப்பாவில் 2012இல் இருந்து ரயர் லேபிளில் டெசிபெல் அளவும் இருக்கவேண்டும். 3 டெசிபெல் குறைந்தால் ஒலியின் சக்தி பாதியாகும். ஆனால் அது வெளியில் அளந்த சத்தம். உள்ளுக்குள் எப்படி என்று அதே கார் வைத்திருப்பவரைத்தான் கேட்கவேணும்.

"கார் குறைஞ்ச தீவில இருந்துகொண்டு ரயர்ச் சத்தம் பற்றிக் கதைக்கிறியளோ?" என்று சிரிக்கலாம். சொந்த வாகனம் இல்லாததால்தான் கதைக்கிறம். ரயரைத் தெரிவுசெய்யிறது உரிமையாளர். இரைச்சலுக்குள் இருக்கிறது நாங்கள். மழை றோட்டில் பிடிக்கிற பிறேக்தான் முதல், சரி. அதற்கு அடுத்த கேள்வி விலையாக மட்டும் இருக்கக்கூடாது. காற்று அளவையும் வீல் எலைன்மென்ரையும் பார்த்தாலே ரயர் ஒரு பக்கமாகத் தேயாது.

அன்றைக்கு என்ன சொன்னனீங்கள் என்று அம்மம்மாவைப் பிறகு கேட்டம்.

"மெல்லமாப் போகச் சொல்லுங்கோ எண்டனான்."