பர்மனென்ட் ஆகாத ஒரு வேலை... நாற்பது ஆண்டுகளாக!

“என்ன தம்பி, பர்மனென்ட் ஆயிட்டியா?”

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் வேலைக்குப் போகும் பிள்ளைகள் லீவுக்கு ஊருக்குப் போனால், வாசலிலேயே காத்திருக்கும் கேள்வி இது. “சாப்பிட்டியா?” என்பதுகூட அதற்கு அப்புறம்தான். அப்ரன்டிஸ், டிரெய்னி, கான்ட்ராக்ட் என்று கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். கேள்வி மட்டும் மாறாது. கல்யாணப் பேச்சு, வீட்டுக் கடன், தங்கச்சி படிப்பு எல்லாம் அந்த ஒரு பதிலில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பெற்றோரைக் குறை சொல்ல முடியாது.

இதே கேள்வியைக் கேட்டால் நாற்பது ஆண்டுகளாக “இல்லை” என்றே பதில் சொல்லவேண்டிய ஒருவர், இந்தத் தொழிற்சாலை வட்டாரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வந்து, ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே திரும்பினால் செங்கல்பட்டு. அங்கிருந்து வந்தவர்தான் நடிகர் நாசர். இந்த வாரம் அவரைப் பற்றிப் பேசலாம்.

விட்டது ஒன்று, கற்றது இரண்டு

1958 மார்ச் 5-ல் பிறந்தவர் நாசர். செங்கல்பட்டு புனித சூசையப்பர் பள்ளியில் படிப்பு. பிறகு தாம்பரம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. சிறிது காலம் இந்திய விமானப்படையில் வேலை. மாதச் சம்பளம், சீருடை, ஊரில் மரியாதை என்று எல்லாம் சேர்ந்த வேலை அது. அதை விட்டுவிட்டுத்தான் நடிப்புக்கு வந்தார்.

இதுவரை கேட்டால், “வேலையை விட்டார், சினிமாவில் ஜெயித்தார்” என்று வாட்ஸ்அப்பில் வரும் வழக்கமான கதை போலத் தோன்றும். ஆனால் நடுவில் ஒரு கட்டம் இருக்கிறது. நாசர் நேராக ஸ்டுடியோ வாசலில் போய் நிற்கவில்லை. தென்னிந்திய திரைப்பட வர்த்தக சபையின் நடிப்புப் பள்ளியில் படித்தார். அத்தோடு நிறுத்தாமல், தமிழ்நாடு அரசின் திரைப்படக் கல்லூரியிலும் நடிப்புப் பயிற்சி பெற்றார். ஐ.டி.ஐ. முடித்தவர் அதன்மேல் டிப்ளமோவும் படிப்பதுபோல, ஒரே தொழிலை இரண்டு இடங்களில் கற்றுக்கொண்டு வந்தவர்.

1985-ல் கே.பாலசந்தர் இயக்கிய ‘கல்யாண அகதிகள்’ முதல் படம். சின்ன வேடம். 1987-ல் மணிரத்னத்தின் ‘நாயகன்’ வந்தது. வேலு நாயக்கரைத் தேடிவரும் போலீஸ் அதிகாரியாகவும், அவருடைய மருமகனாகவும் ஒரே ஆளாக வந்து நின்றார். கமல் திரையை நிறைத்திருந்த படம் அது. இருந்தும் அந்த அதிகாரியின் அமைதி நமக்கு நினைவிருக்கிறது. 1992-ல் ‘தேவர் மகன்’. பங்காளிப் பகையில் வெந்து சாகும் மாயத் தேவர் இல்லையென்றால் அந்தக் கதையே நகராது.

எந்த ஷிஃப்டும் சரி

நாசரின் படப் பட்டியலில் 1994 முதல் 1998 வரை உள்ள ஐந்து ஆண்டுகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். ‘மகளிர் மட்டும்’ படத்தில் பெண்களிடம் வழியும் முதலாளி. ‘குருதிப்புன’லில் ஈவிரக்கமற்ற தீவிரவாதத் தலைவன் பத்ரி. ‘இருவ’ரில் அண்ணாவை நினைவூட்டும் தலைவர். ‘ஜீன்ஸ்’ படத்தில் இரட்டைப் பிறவிகளான அப்பா, பெரியப்பா இரண்டு பேரும் அவரே.

இதற்கு நடுவில் இன்னும் இரண்டு படங்கள். 1995-ல் ‘பம்பாய்’. நாயகனின் ஆசாரமான இந்து அப்பாவாக நாசர் நடித்தார். நாயகியின் இஸ்லாமிய அப்பாவாக நடித்தவர் கிட்டி. இஸ்லாமியர் இந்துவாகவும் இந்து இஸ்லாமியராகவும் நடித்தார்கள். அது தற்செயல் இல்லை, மணிரத்னம் யோசித்துச் செய்த மாற்றம். அடுத்த ஆண்டே ‘அவ்வை சண்முகி’. அதில் வாய் பேசாத பிராமணச் சமையல்காரராக வேஷம் போடும் பாஷா. முதல் படம் பார்த்தபோது நெஞ்சு கனத்தது, இரண்டாவதில் வயிறு வலிக்கச் சிரித்தோம். இரண்டுமே ஒரே விஷயத்தைத்தான் சொல்லின: எதிர்வீட்டுக்காரரின் உடுப்பைப் போட்டுப் பார்த்தால் அவரும் நம்மைப் போலத்தான்.

கும்பகோணத்து மளிகைக் கடையில் வளர்ந்த மகனை வெளுத்து வாங்கும் ‘எம் மகன்’ அப்பாவை (ஊர் வாயில் இன்னமும் அது ‘எம்டன் மகன்’தான்) இன்றைய பிள்ளைகள் மீம்ஸில் பார்த்துத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். ‘பாகுபலி’யின் சூம்பிய கையோடு சூழ்ச்சி செய்யும் பிஜ்ஜலதேவாவை இந்தியா முழுக்கத் தெரியும். தமிழோடு தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி என்று போய்வந்தாகிவிட்டது. கதாநாயகன் என்ற நாற்காலி மட்டும் அவருக்கு அதிகம் வாய்க்கவில்லை. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்த எத்தனையோ பேர் காணாமல் போனபிறகும், நாசருக்கு அடுத்த படத்துக்கான அழைப்பு வந்துகொண்டே இருக்கிறது.

பெண் பிள்ளைகள் பார்க்க வேண்டிய முதலாளி

சுங்குவார்சத்திரம் பக்கம் ஷிஃப்ட் விடும் நேரத்தில் பஸ் பஸ்ஸாக இறங்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். பல மாவட்டங்களிலிருந்து வந்து, ஹாஸ்டலில் தங்கி, வீட்டுக்குப் பணம் அனுப்பும் பிள்ளைகள். அவர்கள் எல்லோருக்கும் 1994-ல் வந்த ‘மகளிர் மட்டும்’ படத்தைப் போட்டுக் காட்டலாம்.

சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய படம். ரேவதி, ரோகிணி, ஊர்வசி மூவரும் ஒரே நிறுவனத்தில் வேலை பார்க்கிறார்கள். அதில் ரோகிணி துப்புரவுப் பணியாளர். பதவி வேறு, படிப்பு வேறு. ஆனால் மூவருக்கும் முதலாளியால் வரும் தொல்லை ஒன்று. அந்த முதலாளிதான் நாசர். கொம்பு முளைத்த வில்லனாக அவர் அதைச் செய்யவில்லை. சிரிக்கச் சிரிக்கப் பேசி, தோளில் கை வைத்து, “தப்பா நினைச்சுக்காதீங்க” என்று நழுவும் ஆளாகச் செய்தார். நாம் சிரித்தோம். பெண்கள் மட்டும், சிரிப்புக்கு நடுவே தங்கள் ஆபீஸில் இருக்கும் யாரையோ அடையாளம் கண்டுகொண்டார்கள்.

அந்தப் படம் வந்தபோது வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கென்று தனிச் சட்டம் கிடையாது. உச்ச நீதிமன்றத்தின் விசாகா வழிகாட்டுதல் 1997-ல்தான் வந்தது. சட்டம் 2013-ல். இன்று 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம் இருக்க வேண்டும். கான்ட்ராக்டில் இருக்கும் பெண்ணும், பயிற்சிக்கு வந்த பெண்ணும் அதில் புகார் கொடுக்கலாம். உங்கள் வீட்டுப் பெண்ணிடம், “உங்க கம்பெனியில அந்தக் கமிட்டி யாரு?” என்று ஒருமுறை கேட்டு வையுங்கள்.

விடிய விடிய ஒரு நைட் ஷிஃப்ட்

நடிகராகக் கை நிறைய வேலை இருந்த நேரத்தில், 1995-ல் நாசர் முதன்முதலாக ஒரு படம் இயக்கினார். பெயர் ‘அவதாரம்’. இளையராஜா இசை. பார்வையற்ற பெண்ணாக ரேவதி. பாலாசிங் என்ற நல்ல நடிகரை அறிமுகப்படுத்திய படமும் அதுதான். கதை, தெருக்கூத்துக் கலைஞர்களின் வாழ்க்கை.

காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசிக்காரர்களுக்குக் கூத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. முகத்தில் அரிதாரம், தலையில் கட்டைக் கிரீடம், கால் நிறையச் சலங்கை என்று விடியும்வரை ஆடுவார்கள். செய்யாறு பக்கத்துப் புரிசை கிராமத்துக் கூத்துக்கு உலகம் சுற்றிய பெருமை உண்டு. அதே ஊர்களிலிருந்துதான் இன்று கம்பெனி பஸ்கள் நைட் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகின்றன. அப்பாவும் மகனும் ராக்கண் விழித்தே பிழைக்கிறார்கள். அப்பாவின் வேலையில் ஊரே எதிரில் உட்கார்ந்து பார்க்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சினிமாவில் இடம் கிடைத்த ஒருவர், இடம் கிடைக்காமலேயே ஆடிக்கொண்டிருப்பவர்களைத் திரும்பிப் பார்த்து எடுத்த படம் ‘அவதாரம்’. அவர் அடுத்துச் செய்த காரியத்துக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

சங்கம் எதற்கு?

2015 அக்டோபரில் நடிகர் சங்கத் தேர்தல். நாசர் தலைவர், விஷால் பொதுச்செயலாளர், கார்த்தி பொருளாளர் என்று பாண்டவர் அணி ஜெயித்தது. டி.வி.யில் நட்சத்திரங்களின் சண்டையாகத்தான் நாம் அதைப் பார்த்தோம். ஆனால் அந்தச் சங்கத்தில் ஓட்டுப் போடுகிறவர்களில் பெரிய பங்கு, மதுரை, காரைக்குடி என்று வெளியூர்களில் இருக்கும் நாடக நடிகர்கள். திருவிழா உண்டென்றால் வருமானம், இல்லையென்றால் இல்லை என்று வாழ்கிறவர்கள். அவர்களில் நலிந்த மூத்தவர்களுக்கு மாத உதவித்தொகை கொடுப்பதும் சங்கத்தின் வேலை.

தி.நகர் ஹபிபுல்லா சாலையில் சங்கக் கட்டடத்துக்கு 2017 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். பிறகு வழக்கு, பணத் தட்டுப்பாடு என்று வேலை நின்றது. 2019 ஜூனில் நடந்த அடுத்த தேர்தலின் ஓட்டுகளே, நீதிமன்ற வழக்கால் 2022 மார்ச்சில்தான் எண்ணப்பட்டன. நாசரே மீண்டும் தலைவர். 2024-ல் கட்டட வேலை திரும்பவும் தொடங்கியது. இத்தனை ஆண்டு தாமதத்துக்கு விமர்சனமும் வந்தது. நடிப்பில் வாங்கிய கைத்தட்டலுக்குச் சமமாக இதில் வசவும் வாங்கியிருக்கிறார். தன் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அது வந்திருக்காது.

கான்ட்ராக்ட் தொழிலாளிக்குச் சட்டப்படி பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு. நாடக நடிகருக்கு அதுவும் கிடையாது. கூட நிற்கும் ஆள்தான் அவருக்கு எல்லாம்.

அப்படியானால் வேலையை விட்டுவிடலாமா?

வேண்டாம் கண்ணு. ரீல்ஸில் நாலு பேர் ஹார்ட் போட்டதற்காக அடையாள அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வடபழனிக்கு பஸ் ஏறாதீர்கள். நாசர் இரண்டு பள்ளிகளில் படித்துவிட்டு வந்தும், சின்ன வேடத்தில்தான் தொடங்கினார்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒன்று. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியபோது, அங்கே வேலை கிடைத்தால் வாழ்க்கை செட்டில் என்று நம்பாத வீடு உண்டா? 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. நிரந்தரம் என்று எழுதித் தந்த வேலையும் ஒன்பதாவது வருஷத்தில் நின்றுபோனது. நிரந்தரமே இல்லாத வேலையில் நாசருக்கு நாற்பது வருஷம் ஓடிவிட்டது. முன்னதில் அந்தத் தொழிலாளிகள் செய்த பிழை எதுவும் இல்லை. பின்னதில் அதிர்ஷ்டமும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் கற்ற தொழிலும், கூட இருப்பவர்களோடு சேர்ந்து நின்ற பழக்கமும் எந்த கேட்டைப் பூட்டினாலும் கையோடு வரும்.

அடுத்த முறை பிள்ளை லீவுக்கு வரும்போது முதலில் சோற்றைப் போடுங்கள். பர்மனென்ட் கேள்வியை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். அதற்கு முன்னால், “புதுசா என்ன கத்துக்கிட்டே? அங்க உனக்கு ஒண்ணுன்னா கூட நிக்க யாரு இருக்கா?” என்று கேட்டுப் பாருங்கள். ராத்திரி எல்லோருமாக உட்கார்ந்து ‘மகளிர் மட்டும்’ பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்களுக்கு ‘அவதாரம்’.